‘பர்மிய யாழ்’: பகைவன் கண்வழிக் கண்ட போர்

போரைப் பாடுதல் தமிழுக்குப் புதிதன்று. புறத்திணை என ஒரு பெரும் பகுப்பையே வகுத்துக்கொண்ட மொழி நம்முடையது. ஆயினும், போரை யார் கண்கொண்டு காண்பது என்னும் வினாவை நம் இலக்கிய வரலாற்றின்முன் வைப்போமாயின், விடை ஒருவழிப்பட்டதாய் இராது. பரணி நூலுக்குத் தோற்றவர் பெயரையே சூட்டுதல் மரபு. முதற் குலோத்துங்கன் படை பெற்ற வெற்றியைச் செயங்கொண்டார் பாடிய நூல் அதனாலேயே கலிங்கத்துப்பரணி எனப்பட்டது. எனினும் பெயர்தான் கலிங்கருடையது, குரல் வென்றவருடையது. இதற்கு மறுதலையாகக் கம்பன், கும்பகருணன் உள்ளத்தே புகுந்து, அறம் எப்புறத்தது என்றறிந்தும் உண்ட சோற்றுக்காகவும் உடன்பிறப்புக்காகவும் உயிர்விடத் துணிந்த ஒருவனை நமக்குக் காட்டினான். அதற்கும் முன்னரே, சேரனும் சோழனும் ஒரே களத்திற் பொருது இருவரும் மாய்ந்தபோது, கழாத்தலையாரும் பரணரும் எவர் பக்கமும் சாராது, பாழ்பட்ட களத்தையே பாடினர். வென்றவன் கண், பகைவன் கண், இருவருக்கும் பொதுவான கண் என மூன்று பார்வைகளும் நம் மரபில் உள என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வுரைகல்லைக் கையிற்கொண்டு நம் காலத்துக் கலையாகிய திரைப்படத்தை நோக்குவோம். இரண்டாம் உலக மகாயுத்தம் பற்றி இந்நாட்டவர் கண்ட படங்களிற் பெரும்பாலன ஆங்கிலேயரும் அமெரிக்கரும் எடுத்தவை. அவற்றுட் பலவற்றில் யப்பானியச் சிப்பாய் புதர்மறைவில் ஒளிந்திருப்பான், கூச்சலிட்டுப் பாய்வான், குண்டடிபட்டு வீழ்வான். அவனுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, அவன் பொருட்டு அழுவார் எவரும் இல்லை. இந்நிலையை மாற்றி, அச்சிப்பாயின் உள்ளே நின்று போரைக் காட்டிய படங்கள் சில யப்பானிலேயே தோன்றின. அவற்றுள் பலராலும் போற்றப்படுவது, கொன் இச்சிகாவா என்னும் நெறியாளர் 1956 ஆம் ஆண்டில் அளித்த ‘பர்மிய யாழ்’. அதன் சிறப்பையும், அச்சிறப்பின் எல்லையையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யப்பானில் எடுக்கப்பட்ட ஒரு படத்தைக் கண்டியில் இருந்துகொண்டு ஆராய்வானேன் என்று சிலர் வினவுதல் கூடும். இப்படம் காட்டும் சிப்பாய்களைத் தோற்கடித்த போர், பெரும்பகுதியும் நம்மூர்ப் பக்கத்திலிருந்தே நடத்தப்பட்டது என்பதே விடை. தென்கிழக்காசியக் கூட்டுப்படைகளின் தலைமையகம் 1944 ஏப்பிரலில் டில்லியிலிருந்து இங்கு பெயர்க்கப்பட்டது. மகாவலி கங்கை சூழ்ந்தோடும் பேராதனை அரச தாவரவியற் பூங்காவே மவுண்ட்பேற்றன் பிரபுவின் அலுவலகமாயிற்று. இம்பாலில் யப்பானியர் முறியடிக்கப்பட்டதும், 1945 மே மாதத்தில் இரங்கூன் மீட்கப்பட்டதும் இத்தலைமையகத்தின் ஆட்சிக்காலத்து நிகழ்ச்சிகள். இன்று மாணவர் சுற்றுலா செல்லும் மரநிழல்களில் அன்று பர்மாவின் படங்கள் விரிந்து கிடந்தன. கண்டி நகரில் உள்ள போர்வீரர் மயானத்தில் ஏறத்தாழ இருநூறு கல்லறைகள் இருக்கின்றன. ஆங்கிலேயர், கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர் எனப் பலரும் ஆங்கே அருகருகே கிடக்கின்றனர். பேராதனையின் படங்களிற் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் தோன்றிய யப்பானியப் படையை, அப்புள்ளிகளின் உள்ளேயிருந்து நோக்குவது இத்திரைப்படம். ஆதலின் இதனைக் காண்பதற்குக் கண்டி பொருத்தமான இடமே என்க.

படத்துக்கு மூலம் மிச்சியோ தக்கெயாமா எழுதிய நாவல். யேர்மன் இலக்கியப் பேராசிரியராகிய அவர், பர்மாவைக் கண்ணாற் கண்டவரல்லர். போர் முடிந்து, நாடு அமெரிக்கப் படையின் ஆட்சியில் இருந்த காலத்தில், சிறுவர் சஞ்சிகை ஒன்றிற்காக அவர் அதனை எழுதினார். அவர் ஆசிரியராய் இருந்து கற்பித்த இளைஞர் பலர் போருக்குச் சென்று மீளவில்லை. பர்மாவுக்கு அனுப்பப்பட்ட யப்பானியர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். அவருட் பாதிக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. குண்டுக்கு இரையானோர் போக, பசிக்கும் நோய்க்கும் இரையானோர் மிகப் பலர். அவர்தம் எலும்புகள் பர்மாவின் மலைச்சரிவுகளிலும் ஆற்றங்கரைகளிலும் கிடந்தன. இறந்தோர்க்குரிய கடன் கழியாமையால் எழுந்த துயரமே நாவலின் கரு. நத்தோ வாடா எழுதிய திரைவசனமும், அகிரா இஃபுகுபே அமைத்த இசையும் சேர, இச்சிகாவா அதனைக் கறுப்பு வெள்ளைப் படமாக்கினார். வெனிசு திரைப்பட விழாவில் அஃது அதே ஆண்டிற் பரிசு பெற்றது. இச்சிகாவா அக்கதையை 1985 இல் வண்ணத்தில் மீண்டும் படமாக்கினார் என்பது, அஃது அவர் உள்ளத்தை எத்துணை ஆட்கொண்டிருந்தது என்பதைக் காட்டும்.

கதை 1945 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தொடங்குகின்றது. தோல்வியுற்ற யப்பானியப் படைப்பிரிவொன்று சயாம் எல்லையை நோக்கிக் காடும் மலையும் கடந்து செல்கின்றது. அதன் தலைவன் இனோயே இசை பயின்றவன். தன் வீரர்க்குப் பாட்டுக் கற்பித்து அவர்தம் தளர்ச்சியைப் போக்குகின்றான். மிஸுஷிமா என்னும் வீரன் பர்மிய யாழை மீட்டப் பழகிக்கொண்டவன். பர்மியர் உடை தரித்து முன்னே சென்று, வழி பாதுகாப்பானதா என்பதை யாழொலியாற் குறிப்பிடுவது அவன் பணி. சிற்றூர் ஒன்றில் தம்மை ஆங்கிலப்படை சூழ்ந்துகொண்டதை அறிந்த யப்பானியர், வெளியே கிடக்கும் வெடிமருந்து வண்டியை உள்ளே கொணரும்வரை ஐயம் எழாதிருக்கும்பொருட்டுப் பாடுகின்றனர். அவர் பாடுவது வீட்டின் இனிமையைக் கூறும் பழைய ஆங்கிலப் பாட்டொன்றின் மெட்டு. யப்பானியப் பள்ளிகளில் யப்பானியச் சொற்களுடன் கற்பிக்கப்பட்டது. இருளிலிருந்து அதே மெட்டு ஆங்கிலத்தில் எதிரொலிக்கின்றது. போர் மூன்று நாள்களுக்கு முன்னரே முடிந்துவிட்டது என்பது பின்னர்த் தெரியவருகின்றது. படைப்பிரிவு சரணடைகின்றது.

அதன்பின்னரே உண்மையான கதை தொடங்குகின்றது எனலாம். மலையொன்றில் இன்னும் போரிட்டுக்கொண்டிருக்கும் வேறொரு யப்பானியப் பிரிவைச் சரணடையச் செய்யும்படி மிஸுஷிமா அனுப்பப்படுகின்றான். அரைமணி நேரத் தவணையில் அவன் மன்றாடியும் அவர்கள் இணங்கவில்லை. பீரங்கிகள் முழங்குகின்றன. குற்றுயிராய்க் கிடந்த மிஸுஷிமாவைப் பர்மியப் பிக்கு ஒருவர் காப்பாற்றுகின்றார். அவன் அவருடைய துவராடையைத் திருடி அணிந்துகொண்டு, தன் தோழர் சிறையிருக்கும் முடோன் என்னும் ஊரை நோக்கி நடக்கின்றான். வழியெங்கும் புதைக்கப்படாத யப்பானியச் சடலங்கள் கிடக்கின்றன. முடோனை அடைந்தபின், ஆங்கில மருத்துவமனையைச் சேர்ந்தோர் பெயரறியாத யப்பானிய வீரன் ஒருவனைத் தம் சமயப் பாடலோடு அடக்கம் செய்வதைக் காண்கின்றான். பகைவர் செய்யும் கடனைத் தான் செய்யாது வந்தமை அவனை உலுக்கிவிடுகின்றது. அவன் வந்த வழியே திரும்பிச் சென்று எலும்புகளைப் புதைக்கத் தொடங்குகின்றான். பொய்யாக அணிந்த துவராடை மெய்யாகின்றது. தோழர்கள் கிளியொன்றுக்குச் சொல்லிக் கொடுத்துத் தம்முடன் நாடு திரும்பும்படி அழைக்கின்றனர். அவனோ சிறைவேலிக்கு அப்பால் நின்று, யாழில் பிரியாவிடைப் பாட்டொன்றை மீட்டிவிட்டு மறைகின்றான். அவன் எழுதிய கடிதத்தை, நாடு திரும்பும் கப்பலில் இனோயே படித்துக் காட்டுகின்றான்.

இனி இப்படத்தின் சிறப்பை நோக்குவோம். முதலாவது, அது பகைவனுக்கு முகம் கொடுக்கின்றது. இதனை எளிதாகச் செய்யும் வழிகள் பல. தாயின் நிழற்படத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் வீரனைக் காட்டினாற் போதும்; இரசிகர் கண் கலங்குவர். இச்சிகாவா அவ்வழியை நாடவில்லை. மலைக்குகைக் காட்சியைப் பார்க்க. சரணடைய மறுக்கும் வீரர் கொடியவராகவும் காட்டப்படவில்லை. வீரப்புகழ் சூட்டவும் படவில்லை. சாதல் என்னும் ஒரு சொல்லைத் தவிர வேறெதனையும் கேட்க இயலாதபடி செவி அடைபட்ட மனிதராகவே அவர்கள் தோன்றுகின்றனர். அவர்தம் சாவு பகைவர் செயலால் மட்டும் நேர்ந்ததன்று. அவர் பயின்ற பயிற்சியாலும் நேர்ந்தது. தன் நாட்டைப் பற்றித் தன் நாட்டவனே கூறும் இக்கூற்று, பகைவன் கூறும் எக்கூற்றினும் வன்மை வாய்ந்தது.

இரண்டாவது, யாழ் இப்படத்தில் வெறும் அணியாக நில்லாது கதையைத் தாங்கி நிற்கின்றது. முதலில் அஃது ஒற்றனின் கருவி. பின்னர்ப் பகைவரோடு இசைவை உண்டாக்கும் பாலம். ஈற்றில் இரங்கற்குரிய பண். யாழ் பற்றிய பேச்சு இலங்கைத் தமிழர்க்கு அயலானதன்று. மறைந்துபோன நம் யாழை ஆராய்ந்து விபுலாநந்த அடிகள் இயற்றிய யாழ்நூல் 1947 இல் வெளிவந்தது. நம்மிடையே வழக்கொழிந்த வில்வடிவ யாழுக்கு உறவான கருவி பர்மாவில் இன்றும் உயிரோடு இருக்கின்றது. அதுவே இப்படத்தில் ஒலிப்பது. புண்பட்ட வீரனின் மனையில் யாழ் முதலிய இசைக்கருவிகள் ஒலிக்க, காஞ்சி பாடி, அவன் உயிரைக் காத்த வழக்கத்தை அரிசில்கிழார் புறநானூற்றிற் குறித்துள்ளார். போரின் ஓசைக்கு மாற்றாக யாழோசையை நிறுத்துவது பழந்தமிழர் அறிந்திருந்த நெறி. ஆதலின் மிஸுஷிமாவின் விரல்கள் நரம்பிற் படும்போது தமிழ் இரசிகன் அந்நியத்தன்மையை உணர்வதில்லை.

கண்டியிற் காண்போர்க்கு ஓர் ஐயம் எழாமற் போகாது. மல்வத்தை, அஸ்கிரிய விகாரைகளை அடுத்து வாழும் நாம், தேரவாத பிக்குவின் ஒழுக்கம் யாதென்பதை ஓரளவு அறிவோம். ஆடல் பாடல் இசை என்பவற்றினின்று விலகியிருத்தல் சாமணேரர் ஏற்கும் பத்துச் சீலங்களுள் ஏழாவது. துவராடை தரித்தவன் யாழ் மீட்டுதல் அச்சீலத்தோடு முரணும். அதனினும் பெரியது, உபசம்பதை பெறாதவன் பிக்குவாக வேடம் பூணுதல். விநயநூல்கள் அதனைக் கடுங்குற்றமாகக் கொண்டு, அத்தகையோனுக்குத் துறவே மறுக்கின்றன. பர்மிய இரசிகனும் சிங்கள இரசிகனும் இவற்றைக் கண்டு துணுக்குறுதல் இயல்பே. கதாசிரியர் தம் நாட்டு மகாயான பௌத்தத்தின் நெகிழ்ச்சியைப் பர்மாவின் மீது ஏற்றிவிட்டார் என்று கூறி இதனை விட்டுவிடலாம். ஆயின், இச்சிறு பிழை ஒரு பெரிய குறைக்கு வாயிலாக அமைகின்றது. கதைக்கு வேண்டிய ஆடையைப் பர்மா கொடுக்கின்றது. அவ்வாடையின் பொருள் யாதென்று பர்மியர் எவரும் வினவப்படுவதில்லை. இங்கிருந்தே நம் முதன்மையான வினா எழுகின்றது.

நம் இலக்கணகாரர் இடம் மூன்று என்பர்: தன்மை, முன்னிலை, படர்க்கை. பேசுவோன் தன்மை, கேட்போன் முன்னிலை, பேசப்படுவோன் படர்க்கை. போர் பற்றிய கலையையும் இம்மூன்றிடத்தாற் பகுத்துப் பார்க்கலாம். பகைவன் கண்வழிப் போரைக் காட்டும் படம், நேற்றுவரை படர்க்கையாய் இருந்தவனைத் தன்மையாக்குகின்றது. இஃது அரிய செயல். அத்தன்மைக்கு எதிரே முன்னிலையாக நிற்பவன் அவனோடு பொருதவன். ‘பர்மிய யாழ்’ இவ்விரு இடங்களையும் செவ்வனே நிரப்புகின்றது: யப்பானியன் பாடுகின்றான், ஆங்கிலேயன் எதிர்பாட்டுப் பாடுகின்றான், யப்பானியன் இறந்து கிடக்கின்றான், ஆங்கிலேயர் அவனைப் புதைக்கின்றனர். படர்க்கை எங்கே? எவருடைய மண்ணில் இப்போர் நடந்ததோ, எவருடைய முதுகின்மேல் இப்படைகள் ஏறிச் சென்றனவோ, அவர்கள் எங்கே?

இவ்வினாவுக்குக் கதையின் பிறப்பிலேயே விடை உண்டு. தக்கெயாமா முதலிற் சீனாவையே கதைக்களமாக்க எண்ணியிருந்தார். சீனருக்கும் யப்பானியருக்கும் பொதுவாக அமைந்த பாட்டு ஒன்றும் அகப்படாமையால், ஆங்கிலேயரைப் பகைவராகக் கொண்ட பர்மாவுக்குக் கதையை மாற்றியதாக அவரே எழுதியுள்ளார். பர்மா ஒரு மெட்டின்பொருட்டுத் தெரிந்தெடுக்கப்பட்ட மேடை. அம்மேடையிற் பர்மியர்க்கு உரிய பங்கு, உணவிடுதலும், வணங்குதலும், வழிவிடுதலுமேயாகும். தனித்தன்மையுடன் விளங்கும் பர்மியப் பாத்திரம், சிறைக்கு வந்து பண்டமாற்றுச் செய்யும் மூதாட்டி ஒருத்தியே. அவளும் யப்பானிய நடிகை ஒருவரால் நடிக்கப்பட்டு, யப்பானின் ஒசாக்காப் பக்கத்துப் பேச்சு வழக்கிலேயே உரையாடுகின்றாள்.

இனி, நிலப்படத்தை விரித்து முடோன் எங்குள்ளது என்பதைக் காண்போம். மோல்மேன் நகரிலிருந்து தெற்கே செல்லும் வழியில் அஃது இருக்கின்றது. அதே வழியில் மேலும் தெற்கே சென்றால் தன்பியுசயாத் என்னும் ஊரை அடையலாம். சயாம் நாட்டிலிருந்து பர்மாவுக்கு யப்பானியர் அமைத்த மரணப் புகையிரதப் பாதை முடிவடைந்த இடம் அதுவே. ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீளமுள்ள அப்பாதை 1942 ஆம் ஆண்டில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. அதில் வேலைசெய்த கூட்டுப்படைக் கைதிகள் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர். இறந்தோர் பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களினும் பன்மடங்கினர் ஆசியத் தொழிலாளர். அவர்கள் இரண்டு இலட்சத்தை ஒட்டிய தொகையினர் என்றும், அவருள் மாண்டோர் தொண்ணூறாயிரம் அளவினர் என்றும் கணக்கிடப்படுகின்றது. அத்தொழிலாளருட் பல்லாயிரவர் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து வேலை என்று ஆசைகாட்டியும் வலிந்து பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர். வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் அடியாலும் அவர்கள் மாண்டனர். தன்பியுசயாத்தில் கூட்டுப்படை வீரர்க்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. தமிழ்த் தொழிலாளிக்குப் பெரும்பாலும் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

ஆகவே, மிஸுஷிமா எலும்பு பொறுக்கும் மண்ணும், நம்மவர் எலும்பு சிதறிக் கிடந்த மண்ணும் ஏறத்தாழ ஒன்றே. ஆற்றங்கரை மணலில் வெண்ணிறமாய்க் கிடக்கும் எலும்பைக் கண்டு, இது யப்பானியனுடையது, இது தமிழனுடையது என்று எவரால் இனங்காண இயலும்? இவ்வுலகில் ஏன் இத்துணைத் துன்பம் என்று தன் கடிதத்தில் மனித குலம் முழுவதையும் தழுவி வினவும் மிஸுஷிமா, மண்வெட்டியைக் கையில் எடுக்கும்போது தன் நாட்டவரை மட்டுமே நினைக்கின்றான். வினா அகன்றது, செயல் குறுகியது. படத்தின் அழகெல்லாம் இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள பிளவை நம் கண்ணுக்குப் புலனாகாதபடி மூடி நிற்கின்றது.

இக்குறை யப்பானியர்க்கு மட்டும் உரியதன்று. கண்டியிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாகச் சென்றால் கித்துல்கலையை அடையலாம். ‘குவாய் ஆற்றுப் பாலம்’ என்னும் புகழ்பெற்ற ஆங்கிலப் படத்துக்காக அங்கே களனி கங்கையின் குறுக்கே பாலம் ஒன்று கட்டப்பட்டு, 1957 ஆம் ஆண்டில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மரணப் புகையிரதப் பாதையின் கதையே அது. ஏழு ஒஸ்கார் பரிசுகளைப் பெற்ற அப்படத்தில் ஆங்கிலத் தளபதியின் தன்மானமும், யப்பானியத் தளபதியின் அவமானமும் நுணுக்கமாகச் சித்திரிக்கப்பட்டுள்ளன. பாதையை அமைத்த பெருந்தொகையினரான ஆசியத் தொழிலாளரோ அதில் இடம்பெறவில்லை. மூலநாவலை எழுதிய பியர் பூல் என்னும் பிரெஞ்சுக்காரர், போருக்கு முன் மலாயாவின் இறப்பர்த் தோட்டத்திற் பணியாற்றியவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. தமிழ்த் தொழிலாளரை நாளும் கண்டிருக்கக்கூடிய அவருடைய கதையிலும் பாலம் வெள்ளையர் கையாலேயே எழுகின்றது. கித்துல்கலையைச் சூழ்ந்த மலைகளில் தேயிலைத் தோட்டங்கள் உள. மலாயாவுக்குச் சென்ற தமிழரும் இம்மலைநாட்டுக்கு வந்த தமிழரும் தமிழகத்தின் ஒரே மாவட்டங்களிலிருந்து, கங்காணி என்னும் ஒரே முறையாற் கொணரப்பட்டவர்கள். அவர்தம் உறவினர் மாண்ட பாதையின் கதை அவர்தம் கண்ணெதிரே நடிக்கப்பட்டது. அதில் அவர்க்குப் பாத்திரம் இல்லை.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். கலைஞன் எல்லாவற்றையும் கூறக் கடமைப்பட்டவனல்லன். ஒரு தாய் தன் மகனுக்காக அழும்போது, அயல்வீட்டுப் பிள்ளைக்காக ஏன் அழவில்லை என்று கேட்பது முறையாகுமா? தோல்வியும் பசியும் சூழ்ந்த காலத்தில், யப்பானியச் சிறுவர்க்காக எழுதப்பட்ட கதை தன் இறந்தோரை நினைத்ததிற் குற்றம் காண்பது எவ்வாறு? இம்மறுப்பு ஆழமானது, எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. கையறுநிலைப் பாடல் தன் தலைவனுக்கே இரங்கும். அஃது அதன் இலக்கணம். ‘பர்மிய யாழ்’ தன்னைக் கையறுநிலை என்று கூறி நின்றிருப்பின் நாம் வாளா இருந்திருப்போம். ஆயின் அது துறவைப் பேசுகின்றது. துறவு ‘யான், எனது’ என்னும் செருக்கறுத்தல். நாடு திரும்புதலைத் துறந்தவன் நாட்டவன் என்னும் எல்லையைத் துறந்தானல்லன் என்பதே நம் குறை. படம் தானே வகுத்துக்கொண்ட அளவுகோலால் அதனை அளக்கின்றோம். புறத்தேயிருந்து ஒன்றைக் கொண்டுவந்து அளக்கவில்லை.

மேலும், தன்மையில் நின்றுகொண்டே படர்க்கையைக் காணுதல் இயலாத ஒன்றன்று என்பதற்கு யப்பானியத் திரைப்படமே சான்று தருகின்றது. மஸாக்கி கொபயாஷியின் ‘மனித நிலை’ 1959 தொடக்கம் 1961 வரை மூன்று பகுதிகளாக வெளிவந்து, ஒன்பது மணி நேரத்துக்கு மேல் நீளுவது. அதன் நாயகனாகிய கஜி, மஞ்சூரியச் சுரங்கமொன்றில் சீனத் தொழிலாளரை மேற்பார்க்க அனுப்பப்பட்டவன். அத்தொழிலாளர் முள்வேலிக்குள் அடைக்கப்படுவதையும் தலை கொய்யப்படுவதையும் படம் மறைக்கவில்லை. நல்லவனாகிய கஜியே அக்கொடுமையின் ஓர் உறுப்பு என்பதையும் மறைக்கவில்லை. இச்சிகாவாவே 1959 இல் எடுத்த ‘வெளியிற் பற்றிய தீ’ என்னும் படம் பிலிப்பைன்சு நாட்டிற் பசியால் அலையும் யப்பானியச் சிப்பாயைக் காட்டுகின்றது. அவன் அந்நாட்டுப் பெண்ணொருத்தியைச் சுட்டுக் கொல்கின்றான். சிப்பாய்கள் மனித ஊனை உண்ணும் நிலைக்குத் தாழ்கின்றனர். ‘பர்மிய யாழ்’ கண்ணீரால் கழுவியதை அப்படம் கழுவாது விட்டிருக்கின்றது. மூன்றாண்டு இடைவெளியில் ஒரே நெறியாளர் இவ்விரண்டையும் அளித்தார் என்பது, முதற்படத்தின் குறையை அவரே உணர்ந்தாரோ என எண்ணத் தூண்டுகின்றது.

பிற்காலத்தே, 2006 ஆம் ஆண்டில், அமெரிக்கராகிய கிளின்ற் ஈஸ்ற்வூட் ‘இவோ ஜீமாவிலிருந்து வந்த மடல்கள்’ என்னும் படத்தை யப்பானிய மொழியிலேயே எடுத்தார். வென்ற நாட்டவன் ஒருவன் தோற்றவனின் மொழியிலேயே தோற்றவனின் கதையைச் சொன்னமை, பரணி மரபைத் தலைகீழாக்கிய செயல் எனலாம். ரொட்டி சுடும் தொழிலாளியாகிய எளிய சிப்பாய் ஒருவனும், அமெரிக்காவை நன்கறிந்த தளபதி குரிபயாஷியும் அதன் கண்கள். அப்படம் குறைவின்றி நிறைவெய்துவதற்கு ஒரு காரணம் உண்டு. இவோ ஜீமாவில் வாழ்ந்த குடிமக்கள் 1944 ஆம் ஆண்டிலேயே பெரும்பாலும் அகற்றப்பட்டுவிட்டனர். அஃது இரு படைகள் மட்டும் எதிர்நின்ற தீவு. அங்கே தன்மையும் முன்னிலையும் ஏறக்குறையக் கதை முழுவதையும் அடக்கிவிடும். பர்மா அத்தகைய தீவன்று. மலாயாவும் சயாமும் அத்தகையன அல்ல. அங்கே போர் பிறர் வீட்டு முற்றத்தில் நடந்தது.

தமிழனுக்கோ இப்போரில் ஓரிடம் மட்டும் உரியதாய் இருக்கவில்லை. பர்மாவை மீட்ட 14 ஆம் படையிற் பெரும்பாலோர் இந்தியர். சென்னை மாகாணத்துப் படைத்தொழிலாளரும் அவருள் இருந்தனர். எதிர்ப்புறத்தே யப்பானியரோடு அணிவகுத்த இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாத் தமிழ் இளைஞரும், ஜான்சிராணிப் படையில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களும் சேர்ந்திருந்தனர். இருபடைக்கும் நடுவே, படையெதுவும் சேராத தமிழன் சிலிப்பர்க் கட்டை சுமந்து மாண்டான். தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றிலும் தமிழன் நின்றிருக்கின்றான். இத்துணை விரிந்த அனுபவம் இருந்தும், அதற்கேற்ற அளவு கலை நம்மிடம் தோன்றவில்லை. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972 இல் வெளிவந்து, யப்பானியர் ஆண்ட காலத்துத் தென்கிழக்காசியாவைத் தமிழனின் கண்கொண்டு காட்டியது. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலில் அப்பாதையையே பொருளாக்கினார். இவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

எனவே ‘பர்மிய யாழ்’ நமக்கு இருவகைப் பயன் தருகின்றது. அது செய்தவற்றால் ஒரு பாடம்: பகைவனுக்கும் சாவு உண்டு, அவனுக்கும் கடன் கழிப்பார் வேண்டும் என்பது. கண்டி மயானத்திற் பல நாட்டவர் அருகருகே கிடப்பதைக் கண்ட நமக்கு இப்பாடம் விளங்குதல் அரிதன்று. அது செய்யாது விட்டதால் மற்றொரு பாடம்: இருவர் தம்முள் இரங்கி ஒன்றுபடும்போது, அவ்விருவராலும் மறக்கப்பட்ட மூன்றாமவன் ஒருவன் இருத்தல் கூடும் என்பது. பகைமையைக் காட்டிலும் இவ்வொற்றுமையே சிலவேளை அவனை முற்றாக மறைத்துவிடும். பிறர் கலையில் நம்மைக் காணோம் என்று முறையிடுதல் எளிது. அம்முறைப்பாடு நம்மை நோக்கியும் திரும்புதல் வேண்டும். நாம் எழுதும் கதையிலும் நமக்கொரு தன்மையும் முன்னிலையும் உண்டு. படர்க்கையாய் ஒதுங்கி நிற்போரும் உண்டு. இம்மலைநாட்டின் பள்ளிகளிற் கற்கும் மாணவர் நாளைக்கு எழுதுகோல் எடுக்கும்போது, தம் முன்னோர் எலும்பை முதலிற் பொறுக்குக. அதன் அருகே கிடக்கும் பிறர் எலும்பையும் கடந்து போகாதிருப்பாராக. யாழ் எல்லார்க்கும் ஒலிப்பது அப்போதே.